பதம்

இரவு மைனஸ் இருபத்து மூன்று என்றது வானொலி.
நல்லது என்றேன்.
கொஸ்தனாயில் மார்ச் மாதக் குளிரை
நல்லது என்று சொன்னவள்
அன்று நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

கண்ணாடிப் புட்டிகள் இரண்டு,
வெள்ளரி ஊறுகாய் வாசம் போகக் கழுவியவை.
ஒன்றில் போன வருடத்து எண்ணெயின் மிச்சம்.
இன்னொன்றில்,
அர்காதி ல்வோவிச் சந்தையில் பாதி விலைக்குப் பிடித்துவந்த
ஐந்து நீலப் பீப்பாய்களிலிருந்து எடுத்தது.
எழுத்து இரண்டிலும் ஒன்றுதான்:
ஐந்து டபிள்யூ நாற்பது.
கொட்டகைக்குப் பின்னால்
பனியில் இரண்டையும் நிறுத்திவிட்டுப் படுக்கப் போனேன்.

காலையில் ஒன்தாசின் தேநீரோடு வந்து நின்றான்.
எட்டுச் சக்கர டிராக்டர் அவனுடையது.
விதைப்புக்கு இன்னும் ஏழு வாரம்;
அதற்குள் விரல்கள் ஸ்டியரிங்கைத் தேடுகின்றன.
புட்டிகளைத் தலைகீழாய்ப் பிடித்தேன்.
பழையது சோம்பலாய், ஆனாலும்,
மூடியை நோக்கி இறங்கி வந்தது
கம்பிப் பதத்துப் பாகு போல.
புதியது அசையவில்லை.
உருட்டுப் பதமும் தாண்டி
எதற்கும் ஆகாத கட்டி.
ஒன்தாசின் அதைத் தட்டினான்,
கதவைத் தட்டுவதுபோல, இரண்டு முறை.
வீட்டில் யாரும் இல்லை என்றான்.

அர்காதி ல்வோவிச் வந்தார். பார்த்தார்.
"மே மாதம் பனி இருக்காது, ரிம்மா.
வெயிலில் எல்லா எண்ணெயும் ஓடும்."
உண்மை.
அவர் சொல்வதில் எப்போதும் பாதி உண்மை இருக்கும்;
அந்தப் பாதியோடுதான் சண்டை போட முடியாது.
கையுறைக்குள் விரல்களை மடக்கி விரித்தேன்.
பிறகு கேட்டேன்:
குளிரைப் பற்றிப் பொய் சொல்லும் எண்ணெய்
சூட்டைப் பற்றி மட்டும் மெய் பேசுமா?
பீப்பாய்மேல் எழுதிய பதம் வேறு,
உள்ளே இருக்கும் பதம் வேறு.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு என்றால்
ஐந்து பீப்பாய்க்கு இந்தப் புட்டி போதும்.

பதில் சொல்லாமல் காருக்குப் போனார்.
கதவை வேண்டியதைவிடப் பலமாகச் சாத்தினார்.

என்ஜினைக் கால் மணி நேரம் ஓடவிட்டேன்.
அடியில் படிந்த அழுக்கு எழுந்து கலந்தால்தான்
எண்ணெயோடு போகும்;
தூங்குகிறவனை வீட்டைவிட்டு அனுப்ப முடியாது.
அடித்திருகைக் கழற்றினேன்.
கறுப்பு, கயிறாய், நின்று நிதானித்து விழுந்தது,
முப்பத்திரண்டு லிட்டர்.

உடம்பில் எண்ணெய் பூசிப் புரண்டாலும்
ஒட்டுகிற மண்தான் ஒட்டும் என்று
மனிதர்களுக்குச் சொல்லலாம்.
இந்த உடம்பில் ஒரு துகள் ஒட்டினாலும் வழக்கு.
திருகின் நுனியில் காந்தம்.
அதில் சாம்பல்நிறக் குழம்பு, கண்மை போல் நயமாக.
அது வயது; பயமில்லை.
கட்டைவிரலில் தேய்த்தேன்.
நடுவே ஏதோ நறுக்கென்றது.
நகத்துண்டு அளவில் ஒரு பிறை.
ஓரம் பளபளத்தது.

எங்கிருந்து, என்றான் ஒன்தாசின்.
தெரியாது.
திறந்து பார்த்தால் தெரியும்.
திறந்தால் ஐந்து நாள்.
உடைந்த இடத்துக்கு என்ன விலை என்று
இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மதியம் தொலைபேசி.
"நல்லதில் எத்தனை லிட்டர் வேண்டும்?"
என்ஜினுக்கு இவ்வளவு, கியர்பெட்டிக்கு வேறு,
ஹைட்ராலிக்குக்கு வேறு,
ஒன்றுக்கு வாங்கியதை இன்னொன்றில் ஊற்றக் கூடாது என்று
மூன்றாவது வருடமாகச் சொன்னேன்.
மறுமுனையில் பேனா கீறியது.
"அந்த ஐந்து பீப்பாய்?"
வாயிற்கதவுக் கீலுக்கு. சங்கிலிக்கு.
மரம் அறுக்கும் வாளுக்கு.
நம் இரண்டு பேர் ஆயுசுக்கும் வரும்.
அவர் சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை.
பிறையைப் பற்றி நான் சொல்லவில்லை.
என்னிடமும் பாதி உண்மைதான் இருந்தது அன்று.

வெள்ளிக்கிழமை லாரி வந்தது.
புதிய ஃபில்டரின் ரப்பர் வளையத்தில்
விரலால் எண்ணெய் தடவி,
கைக்கு இறுகும்வரை, அப்புறம் முக்கால் சுற்று.
நோட்டில் தேதி. மணிக்கணக்கு 6412. எண்ணெயின் பெயர்.
'பிற குறிப்பு' என்ற கட்டத்தில்
பேனா வெகுநேரம் நின்றது.

பிறை தீப்பெட்டிக்குள் இருக்கிறது, கோட்டுப் பையில்.
நடந்தால் ஒலிக்கிறது.
அலுவலகத்தில் இன்னும் விளக்கு எரிகிறது.